ஆடிட் சாரும் சில பிணங்களும்

ஆடிட் சாருக்கு ஒரு படம் பிடித்திருக்கிறது என்றால் அதில் குறைந்தபட்சம் ஒரு பிணமாவது இருக்கும். இருந்தால் மட்டும் போதாது. அதை வைத்துக்கொண்டு நாலு பேர் திருதிருவென்று முழிக்க வேண்டும். 'சூப்பர் டீலக்ஸ்' மாதிரி ஃப்ரிட்ஜுக்குள் மடக்கி வைக்க வேண்டும், அல்லது குந்தன் ஷாவின் 'ஜானே பி தோ யாரோ' மாதிரி மகாபாரத நாடக மேடையில் திரௌபதியாகப் புடவை சுற்றி நிறுத்த வேண்டும். அப்படி ஒரு காட்சி வந்துவிட்டால் அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வரும் பாருங்கள், முதல் பேரன் பிறந்த சேதி கேட்டவர் முகத்தில்கூட அதைப் பார்க்க முடியாது.

ஓர் அரசு அலுவலகத்தில் தணிக்கைப் பிரிவில் இருக்கிறார். மேற்கு மாம்பலத்தில் எங்கள் குடியிருப்பில் வாட்ச்மேன் முதல் பால்காரர் வரை எல்லாருக்கும் அவர் ஆடிட் சார்தான். ஸ்டேப்ளர் பின் வாங்கிய பில்லில் தேதி இல்லை என்று கோப்பைத் திருப்பி அனுப்புகிற மனுஷன். வீட்டுக்கு வந்து கைலிக்கு மாறிவிட்டால் கொலை, ஆள் கடத்தல், சவப்பெட்டி மாறாட்டம் எதற்கும் தணிக்கைத் தடை கிடையாது. எல்லாம் பாஸ்.

இந்த வகை ரசிகர்கள் ஊரில் பெருகிவிட்டார்கள். ஆனால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். ரஜினி ரசிகர் பைக்கில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார். ராஜா ரசிகர் பேச்சுக்கு நடுவே ஹம்மிங்கில் இறங்கிவிடுவார். இவர்கள் பரம சாதுவாக, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடிக் கூட்டோடு, ரேஷன் கடை வரிசையில் நமக்கு முன்னால் நிற்பார்கள். வாய் தவறி "என்ன சார், சமீபத்துல ஏதாவது படம் பார்த்தீங்களா?" என்று கேட்டால் குட்டு வெளிப்படும். அதற்கப்புறம் சர்க்கரை வாங்கிக்கொண்டு வீடு திரும்ப இருட்டிவிடும்.

கதை என்ன என்று மட்டும் கேட்கவே கூடாது. "இதுல கதைன்னு ஒண்ணும் கிடையாது தம்பி. ட்ரீட்மென்ட்தான். சொன்னா போயிடும்" என்பார். சொல்லிவிட்டு முதல் காட்சியிலிருந்து கடைசி டைட்டில் வரை சொல்வார். சிக்கல் என்னவென்றால், சிரிப்பு வரப்போகிற இடம் அவருக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் அந்த இடத்துக்கு நாலு வாக்கியம் முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவார். நமக்குக் கிடைப்பதெல்லாம் துண்டு துண்டான தடயங்கள்தான்.

ஒரு நாள் லிஃப்டில் கோயன் சகோதரர்களின் 'ஃபார்கோ'வை ஆரம்பித்தார். கீரைக்கட்டோடு இரண்டாம் மாடிப் பாட்டியும் உடன் இருந்தார்.

"சுத்திலும் பனி தம்பி... அவன் மரம் அரைக்கிற மெஷின்ல... ஹஹ்ஹ... ஒரு கால் மட்டும் வெளியே... சாக்ஸோட... ஐயோ! அந்தம்மா வேற நிறைமாசம்... துப்பாக்கியை நீட்டிக்கிட்டு..."

பாட்டி கீரைக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இதுல சிரிக்க என்னப்பா இருக்கு?"

"அதான் பாட்டி! அதான்! சிரிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஆனா சிரிப்பு வருது பாருங்க, அங்கதான் நிக்கறான் அவன்!"

பாட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் இறங்க வேண்டிய மாடிதான் வந்தது.

அந்தப் படத்தின் மேல் அவருக்குத் தொழில்முறை மரியாதையும் உண்டு. 1996இல் வந்தது. கர்ப்பிணி போலீஸ் அதிகாரியாக நடித்த ஃபிரான்சஸ் மெக்டார்மண்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. இதெல்லாம் அவருக்குப் பெரிதில்லை. படம் ஆரம்பிக்கும்போது, இது உண்மையில் நடந்த கதை, இறந்தவர்கள் மீதுள்ள மரியாதையால் நடந்ததை அப்படியே சொல்கிறோம் என்று ஒரு கார்டு வருகிறது. நடந்த கதையே இல்லை, கற்பனை. "முதல் பக்கத்துலயே பொய்க் கணக்கு! என் சர்வீஸ்ல எத்தனையோ பொய்க் கணக்கு பார்த்திருக்கேன். இவ்வளவு நீட்டா, கையெழுத்துப் போட்டுக் குடுத்தவனை இப்பதான் பார்க்கறேன்" என்பார். குரல் தழுதழுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் வீட்டிலிருந்து "காப்பி சாப்பிட வாங்களேன் தம்பி" என்று அழைப்பு வந்தால், ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவது நல்லது. சோபாவில் நமக்கு டிவிக்கு நேர் எதிரே இடம். அவருடைய பிரம்பு நாற்காலி மட்டும் டிவிக்குப் பக்கவாட்டில், நம்மைப் பார்த்து இருக்கும். அவர்தான் படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டாரே! இப்போது பார்க்கப்போவது நம் முகத்தை.

இரண்டு மணி நேரம் ஒருவர் நம் உதட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சிரிப்பது எவ்வளவு சிரமம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். "இப்ப... இப்ப வருது பாருங்க..." என்று எச்சரிக்கை வேறு. நாம் சிரித்துவிட்டால் துள்ளி எழுந்து படத்தை நிறுத்தி, "பிடிச்சீங்க பார்த்தீங்களா!" என்று கைகொடுத்து, அதே காட்சியை இன்னொரு முறை ஓட்டுவார். சிரிக்காவிட்டாலும் நிறுத்துவார், விளக்குவதற்காக. எப்படியும் நிற்கப் போவது உறுதி.

'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்தை நான் அப்படித்தான் பார்த்தேன். 1964இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அணுகுண்டுப் போர் பற்றிய சீரியஸான நாவல் ஒன்றை சீரியஸாகவே எடுக்க உட்கார்ந்தார் குப்ரிக். எழுத எழுத, விஷயம் இருக்கிற லட்சணத்துக்கு இதை நகைச்சுவையாகத்தான் எடுக்க முடியும் என்று தோன்றிவிட்டது. பீட்டர் செல்லர்ஸ் அதில் மூன்று வேடம். எனக்கு மூன்றும் ஒரே ஆள் என்று தெரிவதற்குள் ஆடிட் சார் அதைச் சொல்லிவிட்டார்.

அவருக்கு அதில் உயிரான இடம் ஒன்று உண்டு. ராணுவத் தளபதி ஒருவன் பைத்தியம் பிடித்து ரஷ்யா மேல் குண்டு போட விமானங்களை அனுப்பிவிட்டான். திருப்பி அழைக்கும் ரகசியக் குறியீடு ஒரே ஓர் அதிகாரிக்குத்தான் தெரியும். அவர் அமெரிக்க ஜனாதிபதிக்கு போன் செய்ய வேண்டும். இருப்பது காசு போட்டுப் பேசும் போன். சில்லறை இல்லை. பக்கத்தில் கோகோ கோலா மெஷின் நிற்கிறது. அதைச் சுட்டு உடைத்துச் சில்லறை எடு என்கிறார். காவலுக்கு நிற்கிற ராணுவக்காரன் தயங்குகிறான். அது தனியார் சொத்தாம்!

ஆடிட் சார் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர்.

"உலகமே அழியப் போகுது தம்பி. அவன் மெஷினுக்கு ரூல்ஸ் பேசறான். எங்க ஆபீஸ்ல இருக்க வேண்டிய ஆளு! நானா இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். சுடறதுக்கு யார் சாங்ஷன் குடுத்தா?"

அப்போது நானும் சிரித்துவிட்டேன். படத்துக்கா அவருக்கா என்று எனக்கே தெரியாது. அவர் அதையெல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை, தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார். இதற்காகத்தான் அவர் ஊர் முழுக்க ஆள் பிடிக்கிறார் என்பது என் ஊகம். வடிவேலு அடி வாங்கினால் நாம் தனியாக உட்கார்ந்தே சிரித்துக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பிணத்தைப் பார்த்துத் தனியாகச் சிரித்தால் மனசு உறுத்தும், நமக்கே நம் மேல் சந்தேகம் வரும். பக்கத்தில் இன்னொருத்தரும் சிரித்துவிட்டால் பாவம் பாதி. அந்தப் பாதியை வாங்கிக்கொள்ளத்தான் நமக்குக் காப்பி.

நியாயமாக இந்தப் பாவத்தில் பங்கேற்க வேண்டியவர் அவர் மனைவிதான். அக்கா ஒத்துக்கொள்வதில்லை. ஸ்வீடன் இயக்குநர் ராய் ஆண்டர்சனின் படம் ஒன்று. கிளையில் உட்கார்ந்துகொண்டு ஒரு புறா வாழ்க்கையைப் பற்றி யோசித்தது என்பதுதான் முழுத் தலைப்பே. டிக்கெட்டில் அச்சடிக்கவே இடம் போதாது. ஆடிட் சார் சுருக்கமாகப் 'புறா' என்பார். 2014இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியது. ஆரம்பத்திலேயே மூன்று சாவு. முதலாவது, வைன் பாட்டிலின் தக்கையைத் திருகித் திருகி மாரடைப்பில் விழுகிற மனிதர். அடுத்து, ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கும் ஒரு கிழவி. நகையெல்லாம் அவள் கைப்பையில் இருக்கிறது. சொர்க்கத்துக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று பிடித்த பிடியை விட மாட்டேன் என்கிறாள். பெற்ற பிள்ளைகள் பையை இழுக்க, கிழவியோடு சேர்த்துக் கட்டிலே நகர்கிறது. மூன்றாவது, கப்பல் உணவகத்தில் காசு கொடுத்துவிட்டுச் சாப்பிடுவதற்குள் செத்துப்போனவர். கல்லாவில் இருக்கிற பெண், அவர் வாங்கிய சாண்ட்விச்சும் பீரும் சும்மா கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமா என்று கேட்கிறாள். சற்று யோசித்துவிட்டு ஒருவர் பீரை எடுத்துக்கொள்கிறார். கேமரா அசையவே அசையாது. யாரும் சத்தமாகப் பேசக்கூட மாட்டார்கள்.

கிழவியின் பையை இழுக்கும் இடத்தில் அக்கா காப்பியோடு வந்தார்.

"என்னங்க கண்றாவி இது? சாகப்போற பொம்பளகிட்டப் பையைப் பிடுங்கறானுங்க. இதுக்கு ஒரு சிரிப்பு, இதுக்கு ஒரு கூட்டாளி."

கூட்டாளி என்று சொன்னது என்னை. டம்ளரை வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய் அங்கிருந்த சின்ன டிவியில் சீரியல் போட்டுக்கொண்டார். அதில் மருமகள் ஒருத்தி மாமியாரின் பாயசத்தில் எதையோ கலந்துகொண்டிருந்தாள். அதை யாரும் கண்றாவி என்று சொல்லவில்லை.

தமிழ்ப் படங்களில் அவருக்கு 2013 ஒரு புண்ணிய வருஷம். மே முதல் தேதி 'சூது கவ்வும்', செப்டம்பரில் 'மூடர் கூடம்'. 'சூது கவ்வும்' படத்தில் நலன் குமாரசாமி படைத்த கடத்தல்காரன் தாஸ், ஆள் கடத்துவதற்கு விதிமுறை வகுத்து வைத்திருப்பான். அதிகாரத்தில் இருப்பவர் மேல் கை வைக்கக் கூடாது என்பது முதல் விதி. பணயத் தொகையும் எதிராளிக்குக் கட்டுப்படியாகிற மாதிரிதான் கேட்பான். "எஸ்டிமேட் போட்டுக் கடத்தறான் தம்பி! இன்னிக்கு எந்த டிபார்ட்மென்ட்ல இந்த ஒழுங்கு இருக்கு?" அமைச்சரின் மகனைக் கடத்தப் போக, அவன் கடத்தியவர்களுடனேயே கூட்டுச் சேர்வதும், நேர்மையான அப்பா அல்லாடுவதும் வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிற அளவுக்குச் சிரிப்பார்.

ஆனால் அந்தப் படத்தை முதலில் தியேட்டரில் பார்த்துவிட்டு வந்த அன்று வாடிப்போய் வந்தார் என்று அக்கா சொல்லியிருக்கிறார். படம் பிடிக்கவில்லையோ என்றால் அதெல்லாம் இல்லை. பிரமாதம். தியேட்டர் முழுக்கச் சரியான இடத்தில் சிரித்திருக்கிறது, அதுதான் வருத்தம். எல்லாரும் சிரித்தால் பிறகு இவர் யாருக்கு விளக்குவது? 'டாக்டர்' படத்துக்குக் குழந்தை குட்டிகளோடு குடும்பம் குடும்பமாகக் கூட்டம் போனபோதும் இதே கதைதான். "நல்லாத்தான் இருக்கு" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அந்த 'தான்'இல் ஒரு பெருமூச்சு இருந்தது.

அவருக்குப் பிடித்த வெற்றி, ஓடாத வெற்றி. தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' 2011இல் வந்து, கூட்டம் சேர்வதற்குள் தியேட்டரை விட்டுப் போய்விட்டது. அறிமுக இயக்கத்துக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருது பின்னால் வந்தது. "நான் முதல் வாரமே பார்த்தவன்" என்று அவர் சொல்லும்போது தியாகிகள் ஓய்வூதியத்துக்கு மனுப்போடப் போகிறாரோ என்று தோன்றும். இவர் மட்டுமில்லை, இந்த வகையில் நான் சந்தித்த அத்தனை பேரும் அதை முதல் வாரமே தியேட்டரில் பார்த்தவர்கள். இத்தனை பேர் அன்று உண்மையிலேயே போயிருந்தால் படம் வெள்ளிவிழா கண்டிருக்கும்.

டிசம்பரில் ஊர் சபா சபாவாகப் போகும்போது இவர் லீவு போட்டுவிட்டுச் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போவார். இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003இலிருந்து நடத்துகிற விழா. கையேட்டில் படத்துக்கு நாலு வரிக் கதைச்சுருக்கம் போட்டிருப்பார்கள். முந்தின ராத்திரியே சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவார். 'சவ அடக்கம்', 'உயில்', 'எதிர்பாராத விபத்து' என்று இருந்தால் டிக். 'மனிதநேயம்', 'நம்பிக்கை', 'தாத்தாவுக்கும் பேத்திக்கும் இடையிலான' என்று இருந்தால் அடித்துவிடுவார். அந்தத் தாத்தா இரண்டாவது வரியில் இறந்துபோவதாக இருந்தால் மட்டும் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.

இவ்வளவு பேசுகிறவர் சுகர் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கப் போனால் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார் என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். எல்லாரும் ஊகிப்பதுதான், விட்டுவிடலாம்.

ஊகிக்க முடியாததை மூன்றாம் மாடித் தாத்தா இறந்த அன்று பார்த்தேன். தொண்ணூறைத் தாண்டியவர், தூக்கத்திலேயே போய்விட்டார். கல்யாணச் சாவு. அழுகையும் ஓரளவோடுதான் இருந்தது. ஐஸ் பெட்டி லிஃப்டில் நுழையவில்லை. படிக்கட்டில் தூக்கினால் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. கீழே இருந்தவர் "தூக்கு" என்கிறார், மேலே இருந்தவர் "இறக்கு" என்கிறார், நடுவில் நின்றவர் "முதல்ல யாராவது எனக்கு வழி விடுங்கய்யா, பால் பொங்குது" என்கிறார். எனக்கு உடனே லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'ஈ.ம.யௌ' ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு ஊர் மெச்ச அடக்கம் செய்வதாக வாக்குக் கொடுத்த மகன், கொட்டும் மழையில் படுகிற பாடுதான் அந்தப் படம். அதையும் ஆடிட் சார்தான் எனக்குக் காட்டினார், பாதிப் படத்தை நிறுத்தி நிறுத்தி. 'சார், இது அதேதான்!' என்று சொல்லத் திரும்பினால், மனிதர் ஐஸ் பெட்டியின் ஒரு மூலையைத் தோளில் வாங்கியிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

அன்று முழுக்க ஓடியது அவர்தான். டாக்டர் சர்ட்டிபிகேட், கண்ணம்மாபேட்டை மயானத்துக்குப் போன், பூ, வண்டி எல்லாம். நடுவில் நியூ ஜெர்சியிலிருந்து மூத்த மகன் வீடியோ காலில் வந்தார். தாத்தாவின் செல்போனிலேயே கூப்பிட்டார்கள். பேரன் அதை ஐஸ் பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றான். திரையில் மகன் கதறுகிறார், வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. "பெரியப்பா, மியூட்ல இருக்கீங்க!" என்று பேரன் கத்த, "மியூட்டை எடுக்கச் சொல்லுடா" என்று கூட்டமே கத்தியது. அவர் பட்டனைத் தேடுவதற்குள் குறுக்கே இன்னொரு அழைப்பு வந்தது. துண்டிக்கப் போன பேரன் பதற்றத்தில் எடுத்துவிட்டான். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், தேனாக. தாத்தாவின் பெயரைச் சொல்லி, "சார்கிட்டப் பேசலாமா? ஒரு பர்சனல் லோன் விஷயமா..."

பேரனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பெட்டியைப் பார்த்தான்.

"அவர்... இப்ப பேச முடியாதுங்க."

"பரவாயில்லை சார். எப்ப ஃப்ரீயா இருப்பார்?"

கூடத்தில் நின்ற அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். பக்கத்தில் நின்ற இன்ஜினியருக்குத் தோள் குலுங்கியது. தாத்தாவின் சொந்த மகள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், அழுகை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். நான் ஆடிட் சாரைப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். பார்த்தேன்.

அவர் எங்கள் எல்லாரையும் ஒரு முறை முறைத்தார். போனை வாங்கினார். கடமை தவறாத குரலில், "அவர் கணக்கு முடிஞ்சிடுச்சும்மா. வெச்சிடுங்க" என்றார்.

இன்ஜினியர் பால்கனிக்கு ஓடிவிட்டார். தான் என்ன சொன்னோம் என்று ஆடிட் சாருக்குக் கடைசி வரை தெரியவே இல்லை. ஒரு மயிரிழை வசனத்துக்கு அரை மணி நேரம் விளக்கம் சொல்கிறவர்!

மயானத்திலிருந்து திரும்பும்போதும் வேனில் பொருமிக்கொண்டே வந்தார். ஐஸ் பெட்டிக்காரர் அரை நாளுக்கு முழு நாள் வாடகை போட்டிருந்ததை வண்டியிலேயே சரிபார்த்துத் திருத்தினார். அது கொஞ்சம் ஆறுதல் தந்தது. மற்றபடி ஜனங்கள் மேல்தான் கோபம்.

வீட்டு வாசலிலேயே அக்கா துண்டோடு நின்றார், தீட்டோடு உள்ளே வரக் கூடாதென்று. இவர் அங்கேயே நின்று புகார் வாசித்தார். "நம்ம ஆளுங்களுக்கு இடம் பொருள் ஏவல் தெரியலைடி. அங்க ஒரு மனுஷர் பெட்டிக்குள்ள கிடக்கறார். அந்தப் பொண்ணு போன்ல லோன் வேணுமாங்குது. எப்ப ஃப்ரீங்குது. நான் கணக்கு முடிஞ்சிடுச்சுன்னு சொல்றேன், இந்தத் தம்பி உட்பட எல்லாரும் பல்லை இளிக்கறாங்க..."

அக்காவுக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "கணக்கு... முடிஞ்..." என்று திருப்பிச் சொல்ல முயன்று முடியாமல், துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அதற்கு மேல் தாங்கவில்லை.

ஆடிட் சார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா கையிலிருந்த துண்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"இதையே ஸ்வீடன்காரன் எடுத்தா மட்டும் கண்றாவின்னு எழுந்து போயிடு!"